எழுத்து ஓடி முடிகிற வரைக்கும்

2019-ல் மார்வெலின் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' பார்க்கப் போனேன். படம் மூன்று மணி நேரம் ஒரு நிமிஷம். இதை யாரும் முன்கூட்டியே சொல்லித் தொலைக்காததால் உள்ளே போகும் முன் ஒரு பாட்டில் தண்ணீரை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் போயிருந்தேன். இரண்டாவது மணி நேரம் முடியும்போதே படத்தின் வில்லன் தானோஸைவிடப் பெரிய ஆபத்து ஒன்று என் அடிவயிற்றில் திரண்டுகொண்டிருந்தது. பக்கத்தில் அக்கா பையன், அப்போது அவனுக்கு ஒன்பது வயது. அவனைத் தனியாக விட்டுவிட்டுப் போகவும் முடியாது, கூட வாடா என்றால் வரவும் மாட்டான். படம் முடிந்து சுற்றிலும் எல்லாரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்க, நான் பாய்ந்து எழுந்தேன். சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"உட்காருங்க மாமா. மார்வெல் படத்துல கடைசியில ஒரு சீன் வரும்."

உட்கார்ந்தேன். பெயர்கள் மேலே ஏறிக்கொண்டே இருக்கின்றன, ஒரு படத்துக்கு இத்தனை பேர் வேலை செய்வார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும், அதுவும் ஒவ்வொரு பெயராகத் தெரியும். காலை மடக்கி, காலை மாற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தால் கடைசியில் திரையில் ஒரு ஆளும் வரவில்லை. டங், டங், டங் என்று இரும்பைத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

"அவ்வளவுதானா?" என்று கத்தியதும் அப்புறம் ஓடிய ஓட்டமும் இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் நடித்துக் காட்டப்படுகிற காட்சிகள்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பையன் விளக்கினான். 2008-ல் வந்த முதல் அயன்மேன் படத்தில் டோனி ஸ்டார்க் குகைக்குள் அடைபட்டுக் கிடந்து இரும்பைத் தட்டித் தட்டிக் கவசம் செய்வாராம், அந்தச் சத்தமாம் அது. எனக்கு அந்தக் குகையே தெரியாது. முதல் 21 படங்களில் நான்கைந்தை மட்டும் அரைகுறையாகப் பார்த்துவிட்டு நேராக 22-வதில் போய் உட்கார்ந்தவனுக்கு, பக்கத்துக் கட்டிடத்தில் யாரோ ஆணி அடிக்கிறார்கள் என்றுதான் பட்டது.

இதுதான் என் தகுதி. ஓடினால் பார்ப்பேன், ஓடாவிட்டால் தேட மாட்டேன். சரி, எண்ட்கேமோடு கதை முடிந்தது, இனி நிம்மதி என்று நினைத்திருந்தபோதுதான் ஓடிடியில் தொடர்களாக இறக்க ஆரம்பித்தார்கள். 2021-ல் மட்டும் மார்வெலில் இருந்து நான்கு படம், ஐந்து தொடர். எனக்குத் தெரிந்து அந்த வருஷம் வேறு யாரும் அவ்வளவு சுறுசுறுப்பாக இல்லை.

முதலில் வந்தது வாண்டாவிஷன், வாண்டா, விஷன் என்ற ஜோடியின் கதை. பையன் போட்டான், அம்மா எதிரே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். முதல் எபிசோடு கருப்பு வெள்ளை, ஐம்பதுகளின் குடும்ப நகைச்சுவைத் தொடர் மாதிரியே, பின்னால் ஆட்கள் சிரிக்கிற சத்தத்தோடு. காலண்டரில் ஒரு தேதிக்கு இதயம் போட்டிருக்கிறது, அது எதற்கு என்று புருஷனுக்கும் நினைவில்லை பெண்டாட்டிக்கும் நினைவில்லை, ஆனால் இரண்டு பேரும் நினைவிருக்கிற மாதிரியே நடிக்கிறார்கள். அப்புறம் முதலாளி சாப்பிட வருகிறார், அடுப்படியில் பாத்திரமெல்லாம் பறக்கிறது. அம்மா துணியைக் கீழே வைத்துவிட்டார். சிரித்துச் சிரித்துப் புரைக்கேறியது. "இப்படி ஒண்ணு எடுத்தா எவ்வளவு நல்லாருக்கு, அடிதடியே இல்லாம" என்று சான்றிதழும் கொடுத்தார். இரண்டாவது, மூன்றாவது எபிசோடுகளையும் அவரே கேட்டுப் பார்த்தார்.

நான்காவதில் கூடாரம், ராணுவ வண்டி, கணினி முன்னால் கவலையோடு நிற்கிற ஆட்கள்.

"யாருடா இவங்கல்லாம்? அந்தப் பொண்ணு எங்க?"

"பாட்டி, இதுதான் நெஜக் கதை. அந்த விஷன் ஏற்கனவே செத்துட்டான்."

"எப்போ?"

"போன படத்துக்கு முந்தின படத்துல. ரெண்டு தடவை."

ரெண்டு தடவையா என்று அம்மா என்னைப் பார்த்தார். எனக்கே தெரியாது, ஆனாலும் தலையாட்டினேன். பையன் அரை மணி நேரம் படம் வரையாத குறையாக விளக்கி முடித்ததும் அம்மா சொன்னதுதான் நான் இதுவரை கேட்டதிலேயே நல்ல விமர்சனம்: "புருஷன் போன துக்கத்துல புள்ள பிரம்மை பிடிச்சு உட்கார்ந்திருக்கா. இதுக்கு எதுக்குடா இவ்வளவு மிலிட்டரி?"

அடுத்த வருஷம் இரண்டாவது டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் படத்தில் அதே வாண்டாவை வில்லியாக்கியபோது தியேட்டரில் எனக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர், முன்பின் தெரியாதவர், என் காதருகே குனிந்து "இந்தப் பொண்ணு நல்லவதானே சார்?" என்று கேட்டார். தொடர் பார்க்காமல் வந்துவிட்டார் பாவம். அவருக்கு நான் கதை சொல்ல ஆரம்பிக்க, எனக்குத் திரையில் என்ன நடக்கிறது என்பது விட்டுப்போய், பிறகு அதைப் பையனிடம் நான் கேட்க, மூன்று பேரும் சேர்ந்து முன்வரிசைக்காரரிடம் திட்டு வாங்கினோம்.

உண்மையான பரீட்சை 2023-ல் தி மார்வெல்ஸ் வந்தபோது வந்தது. படம் என்னவோ 105 நிமிஷம்தான், இந்தக் கூட்டத்திலேயே சின்னப் படம். ஆனால் மூன்று நாயகிகள். ஒருத்தியைத் தெரிந்துகொள்ள 2019-ல் வந்த கேப்டன் மார்வெல் பார்த்திருக்க வேண்டும், இன்னொருத்திக்கு அந்தச் சக்தி எப்படி வந்தது என்பது வாண்டாவிஷனில், மூன்றாவது பெண்ணுக்குத் தனியாக ஆறு எபிசோடு, மிஸ் மார்வெல். பையன் ஒரு தாளில் எழுதியே கொடுத்துவிட்டான். கூட்டினால் பத்து மணி நேரத்துக்குக் குறையாது. நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலேயே முதல் நாள் ராத்திரி புரட்டுகிற ஜாதி.

மிஸ் மார்வெல் நன்றாகத்தான் இருந்தது, குறிப்பாக அந்த வீடு, அம்மா மகள் சண்டை எல்லாம். தப்பு என் மேல், ஆபீஸ் விட்டு வந்து சோபாவில் சாய்ந்தபடி பார்த்தேன். கண் அசந்துவிட்டது. விழித்துப் பார்த்தால் ஆறடிக்கு மேல் உயரமாகப் பச்சை நிறத்தில் ஒரு பெண் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு நீதிமன்றத்தில் நிற்கிறாள். சரி, பெண் வளர்ந்து சட்டம் படித்துவிட்டாள் போலிருக்கிறது, நடுவில் ஏதோ ஊசி போட்டிருப்பார்கள், அதில் நிறம் மாறியிருக்கும் என்று நானாகவே ஒரு கதையைப் பொருத்திக்கொண்டு இருபது நிமிஷம் பார்த்தேன். ஒரே ஆள் வேறு வேறு உலகங்களில் வேறு வேறாக இருப்பார் என்கிற இந்த மல்டிவர்ஸ் வந்த பிறகு எதையும் சந்தேகப்படுகிற தைரியமே போய்விட்டது. பையன் வந்து, "மாமா, இது ஷீ-ஹல்க். அது முடிஞ்சு தானா இது ஓடுது" என்றான்.

ஆனால் அந்த ஷீ-ஹல்க்கைப் பிறகு முழுசாகப் பார்த்தேன், கடைசி எபிசோடுக்காகவே பார்க்கலாம். கதை போகிற போக்கு பிடிக்காமல் அந்தம்மா ஓடிடியின் பட்டியல் பக்கத்தை உடைத்துக்கொண்டு வெளியே வந்து, கதை எழுதுகிறவர்கள் அறைக்குள்ளேயே புகுந்து, எதற்கு எல்லாக் கதையும் ஒரே மாதிரி முடிகிறது என்று நியாயம் கேட்பாள். எனக்கும் அந்த அறைக்கு வழி தெரிந்தால் தேவலை, ஒன்றிரண்டு கேட்க வேண்டியிருக்கிறது.

சீக்ரெட் இன்வேஷன் தொடரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. யார் வேண்டுமானாலும் வேற்றுக்கிரகத்து ஆளாக இருக்கலாம் என்ற கதை, யாராக இருந்தால் எனக்கென்ன என்ற நிலைக்கு மூன்றாவது எபிசோடிலேயே வந்துவிட்டேன்.

லோகி தொடர் வேறு. முதல் சீசனில் பாதி புரியவில்லை, இரண்டாவது சீசனில் முக்கால்வாசி புரியவில்லை, ஆனால் அந்தக் கடைசிக் காட்சி! பொய்யும் புரட்டுமாக ஒரு சிம்மாசனத்துக்காக அலைந்தவன், கடைசியில் கிடைத்த சிம்மாசனத்தில் காலத்தின் இழைகளையெல்லாம் கையில் பிடித்துக்கொண்டு தன்னந்தனியாக உட்கார்ந்திருப்பான், அவனால் இனி எழுந்திருக்க முடியாது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், எண்ட்கேம் பார்த்தவன் நான்.

மார்வெலின் போட்டிக் கம்பெனியான டிசி பக்கம் தி பென்குயின், 2024, பேட்மேன் கதையில் வருகிற வில்லனைப் பற்றிய தொடர். இது அக்காவும் நானும் சேர்ந்து பார்த்தது. அக்காவுக்கு அதில் நடித்த காலின் ஃபாரெல் என்றால் ஒரு பிரியம் உண்டு. ஐந்தாவது எபிசோடு முடிந்ததும் பொறுமை இழந்து, "எப்படா வருவான் அவன்?" என்றாள். தாடையும் தழும்பும் சொட்டையும் தொப்பையுமாக விந்தி விந்தி நடக்கிற அந்த ஆளைக் காட்டி, "முதல்லேருந்து அவனைத்தான்க்கா பார்த்துக்கிட்டிருக்கே" என்றேன். அக்கா டிவிக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. நான் என் பங்குக்கு எட்டு எபிசோடும் பேட்மேன் வருவான் வருவான் என்று காத்திருந்தேன். கடைசியில் வானத்தில் அந்த வௌவால் வெளிச்சம் மட்டும் வந்தது. ஆனால் வராததால்தான் தொடர் நன்றாக இருந்தது என்று நினைக்கிறேன், வந்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் எல்லாரையும் அடித்துப் போட்டுக் கதையை முடித்திருப்பான்.

செத்தவர்கள் திரும்பி வருவதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. வுல்வரின் 2017-ல் செத்து, குழியில் இறக்கி, கல் போட்டு மூடியாயிற்று. 2024-ல் டெட்பூல் போய் அதே குழியைத் தோண்டி, எலும்பை எடுத்து, அந்த எலும்பாலேயே சண்டை போடுகிறான். சிரித்தேன், மறுக்கவில்லை. ஆனால் அதே மாதம், எண்ட்கேமில் செத்துப்போன டோனி ஸ்டார்க்காக நடித்த ராபர்ட் டவுனி ஜூனியர் மறுபடியும் வருகிறார், இந்தத் தடவை டாக்டர் டூம் என்ற வில்லனாக என்று அறிவித்தார்கள். அந்த நிகழ்ச்சியின் வீடியோவில் அவர் முகமூடியைக் கழற்றுவதைப் பார்த்துப் பையன் குதித்த குதியில் அம்மா எழுந்து வந்துவிட்டார்.

"இவன்தான் சொடக்குப் போட்டுச் செத்தானே? நீ கூட அழுதியே."

"இல்ல பாட்டி, இது வேற ஆள். அதே முகம்."

"அண்ணன் தம்பியா?"

"இல்ல, வேற வேற உலகம் இருக்கு, அதுல ஒவ்வொண்ணுலயும்..."

"இரட்டை வேஷம். அதை நேரா சொல்லேன்."

பதினைந்து நிமிஷம் வாதாடிப் பார்த்தான், இரட்டை வேஷத்தைத் தாண்டி அம்மாவை ஒரு அங்குலம் நகர்த்த முடியவில்லை. யோசித்துப் பார்த்தால் எனக்கும் அதைவிட நல்ல விளக்கம் கிடைக்கவில்லை. 2025-ன் கேப்டன் அமெரிக்கா படத்தில் ஜனாதிபதி ராஸாக வில்லியம் ஹர்ட்டுக்குப் பதில் ஹாரிசன் ஃபோர்டு வந்தபோது (ஹர்ட் 2022-ல் காலமாகிவிட்டார்) அதையும் அம்மாவே எளிதாகப் புரிந்துகொண்டார், "இவருக்குப் பதில் இவர்" பார்த்தே வளர்ந்த கண் அது. அந்தப் படத்தின் வில்லன் 2008-ல் வந்த ஹல்க் படத்தில் ஓரமாக வந்து போனவராம். 17 வருஷம் வஞ்சம் வைத்துக் காத்திருந்திருக்கிறார். அவர் மறக்கவில்லை, நான் அந்தப் படத்தையே மறந்துவிட்டேன்.

இப்படியெல்லாம் நொந்துபோயிருந்தவன்தான் அதே வருஷம் ஜூலையில் சூப்பர்மேனுக்கு, எதையும் படிக்காமல், தாளும் வாங்காமல் போய் உட்கார்ந்தேன். ஆரம்பத்தில் நாலு வரி எழுத்து. மூன்று நூற்றாண்டுக்கு முன் இது, முப்பது வருஷத்துக்கு முன் இது, மூன்று வருஷம், மூன்று வாரம், மூன்று மணி நேரம் என்று குறுகிக்கொண்டே வந்து, மூன்று நிமிஷத்துக்கு முன் சூப்பர்மேன் முதல் தடவையாகத் தோற்றான் என்று முடிகிறது. பொத்தென்று பனியில் வந்து விழுகிறான். எனக்கு வேண்டியது அவ்வளவுதானே ஐயா, இதற்குப் போய் ஏன் எங்களைப் பத்து மணி நேரம் உட்கார வைத்தீர்கள்? எலும்பு நொறுங்கிக் கிடக்கிறவன் விசிலடித்து நாயைக் கூப்பிடுகிறான், காப்பாற்ற வருகிற நாய் முதல் காரியமாக அவன் நெஞ்சிலேயே ஏறிக் குதிக்கிறது. நாய் வளர்த்தவர்களுக்குத் தெரியும், இதில் ஒரு சொட்டுக் கற்பனை கிடையாது.

படம் முடிந்தது. பெயர்கள் ஏற ஆரம்பித்தன. நடுவில் சூப்பர்மேனும் நாயும் நிலாவில் உட்கார்ந்திருக்கிற ஒரு துண்டு வந்தது. இப்போது பையனுக்குப் பதினைந்து வயது, போனைப் பார்த்துக்கொண்டே எழுந்தான்.

"கிளம்பலாம் மாமா. கடைசியில வர்றதுல ஒண்ணுமில்லையாம், அடுத்த படத்துக்கு க்ளூ கூட இல்லையாம், எல்லாரும் போட்டிருக்காங்க."

"நீ போ, வர்றேன்."

அவன் போய்விட்டான். அரங்கில் நானும், பெருக்குமாறோடு ஓரமாக நின்ற ஒருவரும்தான். எழுத்து ஓடி முடிந்தது. சூப்பர்மேனும் இன்னொரு நாயகனான மிஸ்டர் டெரிஃபிக்கும், டெரிஃபிக் ஒட்டவைத்த ஒரு கட்டிடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். விரிசல் நேராகச் சேரவில்லை, இம்மியளவு தள்ளியிருக்கிறது என்கிறான் சூப்பர்மேன். செய்தவருக்குக் கோபம் வந்து விறுவிறுவென்று நடையைக் கட்டிவிட, அட, வேலையைக் குறை சொல்லியிருக்கக் கூடாது என்று இவன் முழிக்கிறான். பெருக்க வந்தவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

வெளியே கதவருகே பையன் நின்றிருந்தான்.

"என்ன மாமா வந்துச்சு?"

"சுவத்துல விரிசல் சரியா ஒட்டலைன்னு ரெண்டு பேருக்கும் மனஸ்தாபம்."

"அவ்வளவுதானா?"

நின்று பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. இந்தத் தடவையும் உள்ளே போகும் முன் ஒரு பாட்டில் தண்ணீர் குடித்திருந்தேன்.