இரவில் என் முகத்துக்கு நான் செய்வது

இரவுச் சமையல் வேலைகளெல்லாம் முடிந்து, அடுப்பைத் துடைத்துவிட்டு, விளக்கை அணைப்பதற்கு முன்பாக ஒரு மேசைக்கரண்டி ஓட்ஸ் பொடியைச் சிறு கிண்ணத்தில் போட்டு, அதில் இரண்டு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான நீரை ஊற்றி வைப்பது சில ஆண்டுகளாக என் வழக்கமாக இருக்கிறது. அது ஊறுகிற ஐந்து நிமிடங்களில் முகத்திலிருக்கும் சன்ஸ்கிரீனையும் நாள் முழுவதும் படிந்த அழுக்கையும் எண்ணெயால் எடுத்துவிடுவேன். பிறகு ஓட்ஸ் பாலால் முகம் கழுவி, ஈரம் காய்வதற்குள் கற்றாழையும் மூன்று சொட்டு எண்ணெயும் தடவிக்கொண்டு படுத்துவிடுவேன். இதற்கு மேல் எதுவும் செய்வதில்லை. இந்த எளிய முறைக்கு வந்து சேர்வதற்கு முன்னால் என் முகத்தை நானே எப்படிக் கெடுத்துக்கொண்டேன் என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதே தவற்றை இன்றும் பலர் நல்லெண்ணத்தோடு செய்துகொண்டிருக்கிறார்கள்.

சமையலறையில் இருப்பதெல்லாம் சருமத்துக்கு நல்லது என்று அப்போது உறுதியாக நம்பியிருந்தேன். ஓரிரவு எலுமிச்சைச் சாறு, மறு இரவு சமையல் சோடா என்று மாற்றி மாற்றித் தேய்த்துவந்தேன். மூன்றாவது வாரத்தில் மூக்கின் இரு ஓரங்களிலும் தோல் உரியத் தொடங்கியது. வெறும் தண்ணீர் பட்டாலே கன்னங்கள் எரிந்தன. தோல் மருத்துவர் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் நிறுத்தும்படி மட்டும் சொன்னார். சருமத்தின் மேற்பரப்பு இயல்பாகவே லேசான அமிலத்தன்மை உடையது, அமிலமா காரமா என்று காட்டும் அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 5; எண் குறையக் குறைய அமிலம் கூடும். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். 2 முதல் 2.5 வரை இருக்கும். சமையல் சோடாக் கரைசலின் அளவோ 8ஐத் தாண்டும். ஒன்று கடுமையான அமிலம், மற்றொன்று காரம். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டது, தாளைவிட மெல்லியதும் 15 முதல் 20 அடுக்கு இறந்த உயிரணுக்களால் ஆனதுமான தோலின் மேலடுக்கு. எலுமிச்சையில் இன்னோர் ஆபத்தும் உண்டு. அதன் சாறும் பழத்தோலின் எண்ணெயும் சருமத்தில் ஒட்டியிருக்கும்போது வெயில் பட்டால், அந்த இடம் கொப்புளமாகி, மாதக்கணக்கில் மறையாத கருந்திட்டாகக்கூட மாறலாம். நிறத்தைக் கூட்டும் என்று நம்பித் தடவுகிற பொருள் இப்படி நேர்மாறான வேலையைச் செய்யும் என்பது எனக்கு அன்று தெரியாது.

மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகும், வயது கூடக்கூட இன்னும் அதிக நாள் எடுக்கும். என் முகம் தேறவும் ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ஒரு மாதம் காத்திருந்தபோதுதான் இரவில் சருமத்துக்கு உண்மையில் என்ன தேவை என்று படித்துத் தெரிந்துகொண்டேன். பகலைவிட இரவில் தோலின் வழியாக வெளியேறும் நீர் அதிகம். வறண்ட சருமம் உடையவர்களுக்குப் படுக்கைக்குப் போன பிறகு அரிப்பு கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே இரவுப் பராமரிப்பு என்றால் அழுக்கை மென்மையாக நீக்குவது, ஈரத்தைக் கொடுப்பது, அந்த ஈரம் போய்விடாமல் மேலே ஒரு மெல்லிய பூச்சு இடுவது ஆகிய மூன்றும்தான் என்று முடிவு செய்தேன். அதற்கேற்ற பொருள்களை மட்டும் சமையலறையிலிருந்து தேர்ந்தெடுத்தேன்.

அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஓட்ஸ். ஊறிய ஓட்ஸை மெல்லிய பருத்தித் துணியில் வைத்து முடிந்து பிழிந்தால், முதலில் தண்ணீராக வடிந்து, அழுத்த அழுத்த விரல்களுக்கிடையில் வழுக்கும் கொழகொழப்பான வெண்பால் வரும். அந்த வழுவழுப்பு ஓட்ஸிலிருக்கும் பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்தால் வருவது. அது நீரைப் பிடித்துவைத்துக்கொண்டு தோலின் மேல் படலமாகப் படியும். ஓட்ஸிலுள்ள அவெனாந்த்ரமைடு என்ற சேர்மங்கள் அரிப்பையும் சிவப்பையும் தணிக்கின்றன; சாபோனின்கள் சோப்பைப் போன்றே, ஆனால் மிக மென்மையாக, அழுக்கைப் பிரித்தெடுக்கின்றன. பிழிந்த துணி முடிச்சையே முகத்தில் அழுத்தாமல் வட்டமாக ஒரு நிமிடம் ஒற்றியெடுத்து, வெதுவெதுப்பான நீரால் கழுவினால் போதும். கழுவிய பிறகு முகம் இழுத்துப் பிடித்தாற்போல் இருக்காது. சோப்பு போட்ட பிறகு வரும் அந்த இறுக்கத்தைத்தான் பல ஆண்டுகளாகச் சுத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எண்ணெயைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். சூரியகாந்தி எண்ணெயில் லினோலியிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் மிகுதி. அது தோலின் தடுப்பரணுக்கு, அதாவது ஈரம் வெளியேறாமல் காக்கும் மேலடுக்குக்கு, துணை செய்வது. ஆலிவ் எண்ணெயில் ஓலியிக் அமிலம் என்ற வேறொரு கொழுப்பு அமிலம் மிகுதி; அது அந்த அரணைத் தளர்த்திவிடக்கூடும் என்பதால் முகத்துக்கு அதை நான் பயன்படுத்துவதில்லை. சூரியகாந்தி எண்ணெயிலேயே ஓலியிக் அமிலம் கூடிய வகையும் விற்கப்படுகிறது, ஆகவே புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குவது நல்லது. தேங்காய் எண்ணெய் வறண்ட கைகால்களுக்கு அருமையானது. ஆனால் முகப்பரு வரும் முகத்தில் துளைகளை அடைத்துவிடக்கூடியது.

கற்றாழை மடலை நறுக்கியவுடன் உள்ளே இருக்கும் சோற்றை வழித்துத் தடவிவிடக் கூடாது. வெட்டிய முனை கீழே இருக்கும்படி மடலைக் கால் மணி நேரம் நிறுத்திவைத்தால், தோலுக்கு அடியிலிருந்து மஞ்சள் நிறப் பால் வடியும். எரிச்சலும் அரிப்பும் தருவது அந்தப் பால்தான். அது வடிந்த பின் மடலைக் கழுவி, பச்சைத் தோலைச் சீவி, கண்ணாடி போன்ற சோற்றை மட்டும் எடுக்க வேண்டும். அதில் மிகப் பெரும்பகுதி தண்ணீரே என்பதால் தனியாகத் தடவினால் விரைவில் உலர்ந்துவிடும். அதற்காகத்தான் அதன் மேல் எண்ணெய். மூன்று சொட்டை உள்ளங்கையில் தேய்த்து, ஈரமான கன்னத்தில் மெல்ல அழுத்தி எடுப்பேன். ஐந்து சொட்டானால் தலையணை உறை காலையில் பிசுபிசுக்கும்.

வாரம் இரண்டு நாள் மட்டும், கழுவிய முகத்தில் தேனைப் பத்து நிமிடம் பூசிவைத்துக் கழுவுவேன். தேன் சூழலிலிருந்தும் நீரை இழுத்து வைத்துக்கொள்ளும் இயல்புடையது. பூந்துகள் ஒவ்வாமை உள்ளவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

எந்தப் பொருளானாலும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் புதிதாகச் சேர்த்தால்தான் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க முடியும். எக்ஸிமா என்ற தோல் அழற்சி உள்ளவர்களும் தோலில் வெடிப்போ புண்ணோ உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் உணவுப் பொருளைத் தடவவே கூடாது. சேதமான தோலின் வழியே உணவுப் புரதம் உள்ளே போனால், பின்னாளில் அந்த உணவுக்கே ஒவ்வாமை உண்டாகலாம். முகப்பருவுக்கு இரவில் தடவும் மருந்து எழுதிக் கொடுக்கப்பட்டவர்களும் அதை எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மீந்த ஓட்ஸ் பாலை மறுநாளுக்கென்று எடுத்து வைப்பதில்லை. கெடாமல் காக்க அதில் எதுவும் சேர்க்காததால், நீரும் மாவுச்சத்தும் கலந்த அந்தப் பாலில் நுண்ணுயிர்கள் விரைவாகப் பெருகிவிடும். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பருத்தித் துணியைச் சோப்பு போட்டு அலசி, காற்றாட விரித்துப் போடுகிறேன். மறுநாள் இரவு எடுக்கும்போது அது முழுவதும் உலர்ந்திருக்க வேண்டும். சற்றே ஈரவாடை அடித்தாலும் வேறு துணியை எடுத்துக்கொள்வேன்.