செரட்டோனின் ஏற்பிக்கு ஆன்டிபாடி வாங்கப் போகிறீர்களா?

எலி மூளையில் 5-எச்டி2ஏ ஏற்பி (செரட்டோனின் என்ற நரம்புச் செய்தி வேதிப்பொருளைப் பிடிக்கும் புரதம்) எங்கே இருக்கிறது என்று பார்க்க, அதில் ஒட்டி அதைக் காட்டிக்கொடுக்க வேண்டிய ஆன்டிபாடியை வாங்கி, மாதக்கணக்கில் அல்லாடி, இப்போதுதான் கரையேறியிருக்கிறேன். கோபம் இன்னும் தணியவில்லை.

ஆர்டர் போட்டது, மூளையை ரசாயனத்தில் ஃபிக்ஸ் செய்தது, செக்‌ஷன் வெட்டியது எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. முதல் ஸ்லைடும் பார்க்க அழகாகத்தான் இருந்தது. பெருமூளைப் புறணி முழுக்கப் பளிச்சென்று செல்கள். ஆனால் அதே ஸ்லைடில் சிறுமூளையின் பர்கின்ஜி செல்கள் என்ற பெரிய நரம்பு செல்களும் அதே அளவு பளிச்சிட்டன. எனக்கு அங்கேயே உறுத்தியது. இந்த ஏற்பி புறணியின் ஐந்தாம் அடுக்கில் நிறைய இருக்கும், சிறுமூளையில் மிகமிகக் குறைவு. உயிருள்ள மூளையில் இந்த ஏற்பியை அளக்கும் பெட் ஸ்கேன் ஆய்வுகளில் சிறுமூளையை ஒப்பீட்டுப் பகுதியாக வைப்பதே அதனால்தான்.

கம்பெனிக்கு எழுதினோம். “பிளாக்கிங் பெப்டைடு சேர்த்துப் பாருங்கள், ஸ்டெயின் மறைந்தால் ஆன்டிபாடி சரி” என்று பதில் வந்தது. பிளாக்கிங் பெப்டைடு என்பது ஆன்டிபாடியை உருவாக்கப் பயன்பட்ட சிறு புரதத் துண்டு, ஸ்டெயின் என்பது அந்தப் பளிச். சேர்த்தோம், மறைந்தது. அதனால் என்ன தெரிகிறது? ஆன்டிபாடி அந்தப் பெப்டைடைப் பிடிக்கிறது, அவ்வளவுதான். திசுவில் சம்பந்தமே இல்லாத புரதத்தில் ஒட்டியிருந்தாலும் பெப்டைடு போட்டால் அந்த ஸ்டெயினும் மறைந்துதான் போகும். இதை விளக்கி எழுதியதற்கு, எங்களிடம் ஏற்கெனவே இருந்த டேட்டாஷீட்டையே திரும்ப அனுப்பினார்கள்.

அப்புறம் வேறொரு ஆய்வகத்தில் கேட்டு, இந்த ஏற்பிக்கான மரபணு நீக்கப்பட்ட நாக்அவுட் எலியின் மூளையை வாங்கினோம். ஏற்பியே இல்லாத திசு அது. அதிலும் அதே செல்கள், அதே பளிச்! திசுவின் புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் தேடும் வெஸ்டர்ன் பிளாட்டிலும் இதே கதை. ஏற்பியின் எடையான 53 கிலோடால்டன் பக்கத்தில் எதிர்பார்த்த பாண்ட் (கோடு) தெளிவாக விழுந்தது, நாக்அவுட்டிலும் விழுந்தது. சரியான இடத்தில் பாண்ட் வந்துவிட்டதே என்று தயவுசெய்து நம்பிவிடாதீர்கள். பிளாட் போடுகிறவர்களுக்கு இன்னொன்று: செல் சவ்வில் பதிந்திருக்கும் இந்த வகை ஏற்பிகளை 95 டிகிரியில் கொதிக்க வைத்தால் கட்டிதட்டி ஜெல்லின் மேலேயே நின்றுவிடும், 37 டிகிரி போதும்.

இந்த வகை ஏற்பிகளுக்கு விற்கப்படும் ஆன்டிபாடிகளில் பல நம்பத்தக்கவை அல்ல என்று 2009லேயே மருந்தியல் இதழ்களில் எழுதிவிட்டார்கள். இருந்தும் நாக்அவுட் படம் இல்லாமலேயே இன்றும் விற்கிறார்கள். வாங்கும் முன் அந்தப் படத்தைக் கேளுங்கள். அதுவும் உங்கள் திசுவில், உங்கள் முறையில் எடுத்த படமாக இருக்க வேண்டும். பிளாட்டில் சரியாக இருப்பது செக்‌ஷனில் சொதப்பலாம். பாலிகுளோனல் (பல ஆன்டிபாடிகளின் கலவை) என்றால் லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறும்போதெல்லாம் திரும்பச் சோதிக்க வேண்டும்.

கடைசியில் ஆன்டிபாடியை விட்டுவிட்டு, ஏற்பியைத் தயாரிக்கச் செல் பயன்படுத்தும் ஆர்என்ஏவைத் திசுவிலேயே தேடும் இன்-சிட்டு முறைக்கு மாறினோம். ஐந்தாம் அடுக்கு வரிசையாகத் தெரிந்தது, சிறுமூளை ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. அந்தப் படத்தைப் பார்த்தபோது வந்த நிம்மதி சொல்லி மாளாது. எந்தச் செல் ஏற்பியைத் தயாரிக்கிறது என்பதுதான் இதில் தெரியும். ஏற்பி செல்லின் எந்தப் பகுதியில் உட்கார்ந்திருக்கிறது என்பது தெரியாது. எங்கள் கேள்விக்கு அது போதுமாக இருந்தது.

நாக்அவுட் படங்களை லாட் எண்ணோடு அனுப்பிய பிறகுதான் கம்பெனி பணத்தைத் திருப்பித் தந்தது. அதனால் குப்பி காலியானாலும் லேபிளைத் தூக்கிப் போடாதீர்கள்.