காலைக்குக் கோணமலை, மாலைக்கு உள்துறைமுகம்

ஆடி விடுமுறைக்குக் கனடாவிலிருந்து பெரியம்மா குடும்பம் வருகிறது என்று தெரிந்ததும் நான் ஒரு கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். திருகோணமலையை ஒரு நாள் முழுவதும் நடந்தே பார்க்க வேண்டும் என்பது பெரியம்மாவின் ஆசை. அவருக்கு 68 வயது. முழங்கால் வலியும் உண்டு. கூடவே அக்கா, அத்தான், 11 வயதிலும் 8 வயதிலும் இரண்டு பிள்ளைகள். வழிகாட்டியாக எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியரைக் கேட்டேன். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார்.

என் பட்டியலில் ஒன்பது இடங்கள் இருந்தன. சேர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, பெரியம்மாவை நடக்கக் கூட்டிப் போகிறீரா, ஓடக் கூட்டிப் போகிறீரா?" என்று கேட்டார். பிறகு பென்சிலால் கன்னியா வெந்நீரூற்றை வெட்டினார். நிலாவெளி வீதியில் இருக்கும் யுத்த மயானத்தையும் வெட்டினார். இரண்டுமே ஊருக்கு வெளியே, வாகனம் இல்லாமல் போக முடியாத தூரம். மிஞ்சியவற்றை எந்த ஒழுங்கில் பார்ப்பது என்பதற்கு அவர் சொன்ன கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. இந்த ஊருக்குக் கிழக்கே திறந்த கடல்; தென்மேற்கே மலைகள் அணைத்து நிற்கும் உள்துறைமுகம். சூரியன் எழும்போது கிழக்குப் பக்கம், விழும்போது துறைமுகப் பக்கம், உச்சி வெயிலில் கூரைக்குக் கீழே. அவ்வளவுதான் திட்டம்.

அதை நம்பியும் நம்பாமலும், ஒரு கிழமைக்கு முன்பே நான் தனியாக ஒருமுறை நடந்து பார்த்தேன். கோணேசர் கோயிலுக்குப் போய்ச் சேரும்போது பதினொன்றரை மணி. செருப்பைக் கழற்றிவிட்டுக் கல் தரையில் கால் வைத்ததும் உள்ளங்கால் சுரீரென்றது. குதிக்காலைத் தூக்கிக்கொண்டு நிழலுக்கு ஓடினேன். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் இங்கே வெயில் அப்படித்தான் காய்கிறது. வீட்டுக்கு வந்ததும் "கோயில், எட்டு மணிக்குள்" என்று கொப்பியில் எழுதி இரண்டு கோடு போட்டேன். வயதானவர்களையும் சிறுவர்களையும் அழைத்து வருபவர்கள் வேறெதை மறந்தாலும் இதை மறக்கக்கூடாது.

கோணேசர் கோயிலுக்கு வழி கோட்டைக்குள்ளேதான்; அதனால் வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்குக் கோட்டை வாசலில் கூடினோம். எல்லோரும் நேரே உள்ளே போகத் திரும்ப, சேர் எங்களை அந்த வாசலிலேயே நிறுத்திவிட்டார். நிலைக்கல்லில் இரட்டைக் கயல் செதுக்கியிருக்கிறது. பக்கத்தில் தேய்ந்துபோன தமிழ் எழுத்துகள். குளக்கோட்டன் என்ற மன்னன் கோணேசர் கோயிலுக்குச் செய்த திருப்பணியைப் பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், பிரிப்பார்கள் என்று சொல்லும் வரிகள் அவை. சின்னவள் மீனின் வளைவில் விரலை ஓட்டிப் பார்த்தாள். "இந்தக் கல் முதலில் எங்கே இருந்தது?" என்று அவள் கேட்டதும், சேர் அதற்காகவே காத்திருந்தவர் போலப் பேசத் தொடங்கினார். 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தார்கள். அந்தக் கற்களைக் கொண்டே இங்கே கோட்டையை எழுப்பினார்கள். 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1795இல் ஆங்கிலேயர். பிரெட்ரிக் கோட்டை என்ற பெயர் வந்தது 1803இல். திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய கோயிலின் கற்கள் ஒரு கோட்டைச் சுவருக்குள் கிடக்கின்றன என்பதை நான் சிறுவயதிலிருந்தே அறிவேன். ஆனாலும் அந்தக் கல்லைத் தொட்டுக்கொண்டு நிற்கும் ஒரு பிள்ளைக்கு அதைச் சொல்லும்போது தொண்டை அடைத்தது.

கோட்டைக்குள் இராணுவ முகாம் இருப்பதால் கண்ட இடத்திலெல்லாம் படம் எடுக்கக்கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏற்றத்தில் புள்ளிமான்கள் வழி மறித்தன. ஒரு மான் பெரியவனின் கையிலிருந்த பொலித்தீன் பையை இழுக்க, சேர் சட்டென்று அதைப் பிடுங்கிக்கொண்டார். பையோடு விழுங்கினால் மான் செத்துப்போகும். பைகளை எல்லாம் அங்கேயே சுருட்டி என் தோள்பையில் போட்டுக்கொண்டோம்.

பூசை முடிந்து இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவின் பக்கம் வந்தபோது கல் இன்னும் குளிர்ச்சியாகவே இருந்தது. பாறை விளிம்பில் நிற்கும் மரத்தில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய சிறு மரத்தொட்டில்கள் காற்றில் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டிருந்தன. என் திட்டத்தில் இதற்குப் பத்து நிமிடம். பெரியம்மா முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நான் கடிகாரத்தைப் பார்ப்பதைக் கண்டு சேர் தலையை ஆட்டினார். 1956இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் மூழ்கி, பழைய கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டது இந்தப் பாறைக்குக் கீழேதான் என்று அவர் தணிந்த குரலில் சொல்ல, எல்லோரும் கீழே அந்தக் கருநீலத் தண்ணீரைப் பார்த்தபடியே இருந்தோம். நேரம் போய்விட்டதால், பட்டியலிலிருந்து கத்தோலிக்கப் பேராலயத்தை நானே வெட்டினேன்.

பத்திரகாளி அம்மன் கோயிலின் கோபுர நிழலில் சிறிது ஆறிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனால் கடை பூட்டியிருந்தது. முஸ்லிம்களின் ஜும்ஆ தொழுகை நேரம். பூசைக்காக வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தவள் இதையும் யோசித்திருக்க வேண்டும். செவ்விளநீர் குடித்துவிட்டு, மர நிழலில் காத்திருந்து, இரண்டு மணிக்கு மீன்குழம்போடு சோறு சாப்பிட்டோம். அதன்பின் வீட்டுக்குப் போய் மூன்றரை வரை தூக்கம். நடைப்பயணத்தில் தூக்கமா என்று அத்தான் கேட்டார். முதலில் படுத்ததும் அவர்தான்.

மாலையில் புனித ஸ்டீபன் சேமக்காலை. ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி, கடற்படைத் தளபதி சார்ல்ஸ் ஆஸ்டின், 1852இல் பர்மாவில் யுத்தத்தின்போது நோயால் இறந்து, இங்கே அடக்கம் செய்யப்பட்டார். அக்காவின் மகன் அந்த நாவலாசிரியையின் பெயரைப் பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறான். தன் ஊரில் தெரிந்த ஒரு பெயர் இந்தப் புல்லுக்குள் கிடப்பதை அவனால் நம்ப முடியவில்லை.

உள்துறைமுகக் கரைக்கு வந்தபோது ஆறு மணி. வெயில் செம்மஞ்சளாகி மலைகளுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. கப்பல்களில் ஒவ்வொரு விளக்காக ஏறியது. பெரியம்மா செருப்பைக் கழற்றி, காலை நீட்டி, முழங்காலைத் தானே பிடித்துவிட்டுக்கொண்டார். "நோகிறதா பெரியம்மா?" என்றேன். "நோகத்தான் செய்கிறது" என்றவர் சேர் பக்கம் திரும்பி, "தம்பி, காலையில் வெட்டிப் போட்டோம் என்றீர்களே, அந்த வெந்நீரூற்றுக்கு என்ன தூரம்?" என்று கேட்டார்.

எட்டு கிலோமீட்டர். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. காலை ஏழு மணிக்கு ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டேன்.