தலைமடைக்காரரின் கையெழுத்து

கலிபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்குப் பாடத்தில் எந்த இடத்தில் சிரிப்பு வரும், எந்த இடத்தில் கோபம் வரும் என்பது எனக்கு அத்துப்படி. குடிநீர்த் துறைக்குப் புதிதாக வரும் பொறியாளர்களுக்கு நான் எடுக்கும் பாடங்களில் எனக்கே பிடித்தது அதுதான். லாஸ் ஏஞ்சல்ஸின் முன்னாள் மேயர் ஃபிரெட் ஈட்டன் 1904, 1905-ல் அந்தப் பள்ளத்தாக்கில் நிலமும் நீருரிமையும் சேர்த்துக்கொண்டு அலைகிறார். அரசாங்கப் பாசனத் திட்டத்துக்காகத்தான் என்று ஊர் நம்புகிறது. அந்தத் திட்டத்தைப் பார்க்க வேண்டிய மத்திய அரசு அதிகாரி லிப்பின்காட்டோ நகரத்திடமும் ஊதியம் வாங்கிக்கொண்டிருக்கிறார். வகுப்புக்குக் கோபம் வருவது இங்கே. 1913-ல் 233 மைல் கடந்து, ஒரு பம்புகூட இல்லாமல் சரிவிலேயே அந்தப் பள்ளத்தாக்கின் தண்ணீர் நகரத்துக்கு வந்து சேர்கிறது. "இதோ இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்" என்று தலைமைப் பொறியாளர் முல்ஹாலண்ட் உரையை முடித்துவிடுகிறார். சிரிப்பு வருவது இங்கே.

அன்று பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"ஈட்டன் செய்தது மோசடி, சரி சார். பிறகு 1923-ல் நகரம் மறுபடி வாங்க வந்தபோது விற்றவர்களுக்கு, வாங்குவது நகரம் என்று தெரியாதா?"

"தெரியும்."

"விலை நியாயமாகக் கிடைத்ததா?"

"பலருக்கு நல்ல விலைதான் கிடைத்தது."

அடுத்து எங்கே வருவார் என்று ஊகித்து, எப்போதும் கையில் வைத்திருக்கும் கேள்வியை வீசினேன். "விற்காமல் நின்றவருக்கு நகரம் என்ன விலை கொடுத்தது?"

"அதை ஏன் நகரத்திடம் கேட்கிறீர்கள்? விற்றுவிட்டுப் போன பக்கத்து நிலத்துக்காரரிடம் அல்லவா கேட்க வேண்டும்?"

தேநீர் இடைவேளைக்குப் பிறகு பேசலாம் என்றேன். இடைவேளைக்குப் பிறகு வேறொருவருடைய பாடம். கால அட்டவணை நான் போட்டதல்ல. ஆனாலும் அந்தச் சமயத்தில் அது எனக்கு வசதியாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவர் குதர்க்கத்துக்குக் கேட்கவில்லை. சிறு வயதில் வாய்க்கால் மராமத்துக்குப் போனவர் என்று பிறகு தெரிந்தது. பொது வாய்க்காலின் கணக்கு அப்படிப்பட்டவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இருபது பேர் சேர்ந்து தூர்வாரும் வாய்க்காலில் பதினைந்து பேர் விற்றுவிட்டால், மீதி ஐந்து பேரால் கரையைக் காக்க முடியாது. ஓடுகிற தண்ணீர் குறையக் குறைய, மண் குடித்தது போகக் கடைமடைக்கு வருவது சொற்பம். ஐவரின் உரிமை ஏட்டில் அப்படியே இருக்கும், வயல் காயும். ஐவரில் ஒருவர் மனம் தளர்ந்து விற்பார், பிறகு இன்னொருவர். கடைசி ஆள் விற்கப்போகும்போது வாங்குபவருக்கு அவசரமே இருக்காது. நகரம் ஒட்டுமொத்தமாக வாங்காமல் சதுரங்கக் கட்டம்போல விட்டுவிட்டு வாங்கியது என்று பள்ளத்தாக்குக்காரர்கள் குமுறியது இதனால்தான்.

இதில் நகரம் சட்டத்தை மீறியது என்று எந்தப் பத்திரத்தைக் காட்டிச் சொல்வது? ஒவ்வொரு கிரயமும் தனித்தனியே சுத்தம். வில்லங்கம் பார்த்தால் ஒன்றும் வராது. கெடுதல் இருப்பது வாங்கிய வரிசையில். அந்த வரிசையைப் பத்திரத்தில் யாரும் எழுதுவதில்லை. அன்று இதைச் சொல்லியிருக்கலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். சொல்லியிருந்தால் அவர் என்ன கேட்டிருப்பார் என்பதும் தெரியும்: "வரிசையை நகரத்துக்குச் சொல்லிக்கொடுத்தது யார், சார்?"

நியாயமான கேள்வி. 1923-ல் ஓவன்ஸ் ஆற்றின் பழைய வாய்க்கால்களில் ஒன்றான மெக்நாலி வாய்க்காலை நகரத்துக்காக வளைத்தவர்கள் வெளியூர்த் தரகர்கள் அல்ல. வாய்க்கால் சங்கத்தின் தலைவர் ஒருவர், உள்ளூர் வழக்கறிஞர் லெஸ்டர் ஹால் இன்னொருவர், மூன்றாமவர் ஜார்ஜ் வாட்டர்சன். நகரத்தை எதிர்த்து நின்ற வங்கி உரிமையாளர்களான வாட்டர்சன் சகோதரர்களுக்கு இவர் சித்தப்பா முறை. குடும்பத்துக்குள்ளேயே தீராப் பகை. மறு ஆண்டு ஒரு கும்பல் ஹாலை உணவகத்திலிருந்து இழுத்துக்கொண்டு போய்த் தூக்கிலிடப் பார்த்தது, எப்படியோ தப்பினார். 1924 மே மாதமே கால்வாய்க்கு வெடி வைத்தாயிற்று. ஆனால் மனிதன்மேல் கை வைக்க நேர்ந்தபோது, கிடைத்தவர் நகரத்து ஆள் அல்ல, உள்ளூர்க்காரர். ஆக, என் மாணவர் கேட்டதை அந்த விவசாயிகள் கயிற்றோடு போய்க் கேட்டிருக்கிறார்கள். இதை நான் வகுப்பில் சொன்னதில்லை. நேரம் போதாது என்பதுதான் நான் எனக்குச் சொல்லிக்கொள்ளும் காரணம்.

நேரம் எனக்கு நகரத்துக் கால்வாயின் அலபாமா மதகுக் கதைக்கு மட்டும் எப்போதும் கிடைக்கும். 1924 நவம்பர் 16 அன்று சுமார் எழுபது பேர் போய் அந்த மதகைக் கைப்பற்றித் திறந்துவிட்டார்கள். நகரத்துக்குப் போக வேண்டிய தண்ணீர் பழைய ஆற்றுப் படுகைக்குத் திரும்பியது. நான்கு நாள். கூட்டம் நூற்றுக்கணக்கில் பெருகி, குடும்பம் குடும்பமாக வந்து அங்கேயே சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். பக்கத்தில் படப்பிடிப்பில் இருந்த நடிகர் டாம் மிக்ஸ் வாத்தியக் குழுவை அனுப்பிவைத்தார். சொல்வதற்கு அருமையான கதை. போராட்டத்துக்குத் தூணாக நின்ற வாட்டர்சன் சகோதரர்களின் வங்கி 1927 ஆகஸ்டில் மூடப்பட்டது, பணத்தைக் கையாடியதாக இருவரும் சிறைக்குப் போனார்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுவேன். வங்கியில் இருந்தது அதே பள்ளத்தாக்குக்காரர்களின் சேமிப்பு. விற்றவரும் அண்டை வீட்டார், எதிர்த்தவரும் அண்டை வீட்டார், சேமிப்பைக் கரைத்தவரும் அண்டை வீட்டார். இப்படிப் போனால் நகரம் எங்கேதான் இருக்கிறது?

இருக்கிறது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். விற்பவர் கண்ணில் படுவது அவருடைய வயலும், அந்த வருஷக் கடனும். வாங்குபவர் மேசையில் விரிந்திருப்பது முழுப் பள்ளத்தாக்கின் வரைபடம். அண்டை வீட்டாரின் துரோகத்தையும் நகரத்தின் திட்டத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. கடை வைத்திருந்தவர்களையும் பாருங்கள். அவர்களிடம் வயலும் கிடையாது, நீருரிமையும் கிடையாது. விவசாயி ஊரைவிட்டுப் போனால் வியாபாரமும் போயிற்று. இழப்பீடு கேட்க வழிசெய்து 1925-ல் கலிபோர்னியா சட்டம் போட்டது. நகரம் அந்த வழியில் கொடுக்க மறுத்தது, பிறகு ஊர் மனைகளையே வாங்கிப் போட்டது. இதைச் செய்தது எந்த அண்டை வீட்டார்?

இந்தப் பதில் எனக்கே திருப்தியாக இருக்கும், பையூட் பழங்குடி மக்களைப் பற்றி நினைக்கும்வரை. விவசாயிகள் வருவதற்கு முன்பே அங்கே வாய்க்கால் வெட்டிப் பாசனம் செய்தவர்கள் அவர்கள். 1863-ல் ராணுவம் அவர்களில் ஏறத்தாழ ஆயிரம் பேரைப் பள்ளத்தாக்கைவிட்டு ஓட்டிக்கொண்டு போனது. கிரயமும் இல்லை, இடைத்தரகரும் இல்லை. அறுபது ஆண்டு கழித்து மதகில் நின்று "எங்கள் தண்ணீர்" என்றவர்களின் உரிமைக்கு அடியில் இது கிடக்கிறது. அன்று யாராவது இதைக் கேட்டிருந்தால், என் கிராமம் எதிர் நகரம் என்ற பாடத்தலைப்பே நின்றிருக்காது.

அடுத்த அணிக்கு நான் ஓவன்ஸை எடுக்கவில்லை. வேல்ஸில் லிவர்பூல் நகரத்துக்காக மூழ்கிய கேப்பல் கெலின் கிராமத்தை எடுத்தேன். 1957-ல் பாராளுமன்றச் சட்டம், 1965-ல் நீர்த்தேக்கத் திறப்பு. வேல்ஸ் உறுப்பினர்களில் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை. பள்ளிக்கூடம், தேவாலயம், தபால் நிலையம் எல்லாம் தண்ணீருக்குள். 2005-ல் லிவர்பூல் மாநகராட்சி மன்னிப்புக் கேட்டது. வகுப்பு மொத்தமும் கிராமத்தின் பக்கம் நின்றது, யாரும் எழுந்து என்னைத் திணறடிக்கவில்லை. அது மேலான பாடமா என்று கேட்டால், எங்கள் வேலைக்குப் பொருந்தாத பாடம் என்றுதான் சொல்வேன். இந்தப் பொறியாளர்களில் யாரும் சட்டம் போட்டு ஊரை மூழ்கடிக்கப் போவதில்லை. கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் விலை பேசப் போகிறவர்கள் நிறையப் பேர். அது தெரிந்தும் அதையே இரண்டாம் முறையும் எடுத்தேன்.

அந்த மாணவர் சில மாதங்களுக்கு முன் தொலைபேசியில் அழைத்தார். ஒரு நீர்த் திட்டத்தில் உரிமையாளர்களிடம் பேசும் பிரிவில் போட்டிருக்கிறார்களாம். பட்டியல் கையில் இருக்கிறது, யாரிடமிருந்து தொடங்குவது என்று கேட்டார்.

"கடைமடையிலிருந்து தொடங்குங்கள்" என்றேன். "இல்லாவிட்டால் எல்லோரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்துப் பேசுங்கள்."

"எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்தால் விலையை ஏற்றிவிடுவார்கள் சார். மேலதிகாரி தலைமடையிலிருந்துதான் தொடங்கச் சொல்கிறார். அங்கே மூன்று பேர் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"உங்கள் வகுப்பு வரைபடத்தை அனுப்ப முடியுமா என்று கேட்கத்தான் கூப்பிட்டேன். அவரிடம் காட்ட வேண்டும்."

எதற்காகக் காட்டப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. அன்று மாலையே அனுப்பிவிட்டேன்.