சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

கோவில்பட்டிப் பிள்ளைகளுக்கு ஹாக்கி மட்டை புதிதல்ல. பிளஸ் டூ படிக்கும்போது நானும் ஆடிக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் இரண்டே மாதத்தில் ஒன்பது கிலோ இளைத்தேன். எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்காது, ராத்திரி நாலைந்து முறை எழுந்திருப்பேன். பரீட்சைக் கவலை என்றார்கள். வாந்தியும் மூச்சிரைப்புமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று சர்க்கரை 486, சிறுநீரில் கீட்டோன் (இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது சேரும் அமிலம்). டைப் 1, அதாவது உடம்பில் இன்சுலின் சுரக்காத வகைச் சர்க்கரை நோய், இனி இன்சுலின் ஊசி இல்லாமல் முடியாது என்றார் டாக்டர்.

"வெளிய யார்ட்டயும் சொல்லிராத" என்றாள் அம்மா. ஆறு மாதம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஊசி போட்டேன். மைதானத்திலும் யாருக்கும் தெரியாது.

ஒரு சாயங்காலம் பயிற்சியில் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, பந்து இரண்டாகத் தெரிந்தது. சர்க்கரை இறங்குகிறது என்று புரிந்து, பையிலிருந்த கடலைமிட்டாயைத் தின்றேன். எங்கள் ஊர் மிட்டாய்தான். ஆனால் கடலையில் இருக்கும் எண்ணெய், இனிப்பு ரத்தத்தில் சேருவதைத் தாமதப்படுத்தும் என்று அப்போது தெரியாது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் என்று முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். கூட ஆடிய ஒருத்தியின் அப்பாவுக்குச் சுகர். அவள்தான் ஓடிப்போய்ச் சீனி வாங்கிவந்து மூன்று ஸ்பூன் கரைத்துக் கொடுத்தாள். கால் மணி நேரத்தில் தெளிந்தது. மறுநாள் அணி முழுவதையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அதன்பிறகு ஒரு வருஷம், நோட்டில் எழுதி எழுதி டாக்டரிடம் காட்டித்தான் ஆட்டத்தைத் திரும்பப் பிடித்தேன். ஆடும் நாளில் தொடையில் ஊசி கூடாது, ஓடுகிற காலில் இன்சுலின் வேகமாக ஏறும். வயிற்றில் போட வேண்டும். ஆடுமுன் 100-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம். கீட்டோன் இருந்தால் அன்று ஆட்டமே இல்லை. புரியச் சிரமப்பட்டது ராத்திரிதான். சாயங்காலம் ஓடிய ஓட்டத்துக்கு, தசைகள் விடிய விடியச் சர்க்கரையை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நன்றாக ஆடிய நாளெல்லாம் அதிகாலை மூன்று மணிக்கு நனைந்துபோய் விழிப்பேன். ஆட்டத்துக்கேற்ப ராத்திரி ஊசியை டாக்டர் குறைத்த பிறகுதான் அது நின்றது.

இப்போது எனக்கு 34 வயது. சாயங்காலம் சிறுமிகளுக்கு ஹாக்கி சொல்லித் தருகிறேன்.

பக்கத்துத் தெரு ஆச்சிக்குக் காலையில் 20 யூனிட் இன்சுலின். ஆனாலும் சர்க்கரை 300-ஐ விட்டு இறங்கவில்லை. 26 ஆகக் கூட்டியும் அப்படியே. "வாயக் கட்டுனாத்தான இறங்கும்" என்று வீட்டில் ஏச்சு. போய்ப் பார்த்தேன். பாட்டிலில் மில்லிக்கு 40 யூனிட் என்று இருந்தது. ஊசியோ ஆரஞ்சு மூடி, மில்லிக்கு 100 யூனிட் இருக்கும் மருந்துக்கானது. 40 பாட்டிலுக்குச் சிவப்பு மூடி ஊசிதான் சரி. மருந்துக்கடையில் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஆரஞ்சு ஊசியில் 26 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது பத்து யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஆச்சி வாயைக் கட்டித்தான் இருந்திருக்கிறார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

உடனே சிவப்பு ஊசியில் 26 போட்டிருந்தால் அதைவிட ஆபத்து, ஒரேயடியாக இறங்கியிருக்கும். மறுநாள் பாட்டிலையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு ஆச்சியோடு டாக்டரிடம் போனேன். அளவைக் குறைத்து, முதலிலிருந்து தொடங்கினார். ஒரு மாதத்தில் வெறும் வயிற்றில் 140.

அன்றிலிருந்து ஆச்சியே ஆள் அனுப்புகிறார். ஞாயிறு காலையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்குப் பாட்டிலும் ஊசியுமாக ஆறேழு பேர் வருகிறார்கள். முதலில் மூடியின் நிறத்தைப் பார்ப்பேன். பிறகு வயிற்றைத் தடவிப் பார்ப்பேன். ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கட்டிதட்டிப் போயிருந்தால் இடம் மாற்றச் சொல்லித் தருவேன்.

போன வாரம் மைதானத்துக்கு ஒன்பது வயதுப் பையனோடு ஓர் அம்மா வந்தார். "இவன் ஓடலாமாக்கா?" என்று, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் கேட்டார். டாக்டர் விளையாடச் சொல்லியிருக்கிறார், இவருக்குத்தான் பயம். சோதித்தேன், 148. சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலத்தை வைத்து அனுப்பினேன். ஆட்டம் முடிந்து பார்த்தபோது 112. படுக்குமுன் ஏதாவது கொடுத்துவிட்டு, மூன்று மணிக்கு ஒருமுறை பாருங்கள் என்றேன்.

மூன்று மணிக்கே போன் வந்தது. "104க்கா. தூங்குறான்."