காம்ப்ளெக்ஸ் ஓனராம்ல
"உனக்கென்னப்பா, தென்காசில காம்ப்ளெக்ஸ், மாசாமாசம் வாடகை கொட்டுது"ங்காங்க எல்லாரும். கீழ ரோட்டப் பாத்த கடைங்க சென்ட்ரிங் பிரிக்கிறதுக்கு முன்னாடியே அட்வான்ஸ் வந்துரும், மொபைல் கடை, பேக்கரி, மெடிக்கல்னு. மாடிதான் தலவலியே. படியேறி எவன் வருவான், டியூஷன் சென்டரோ ஜிம்மோ வந்தா உண்டு, பேங்க் வந்தா பல வருஷத்துக்கு நிம்மதி, ஆனா அவங்க ஸ்ட்ராங் ரூம் கட்டு, ஜெனரேட்டருக்கு இடம் விடு, ரேம்ப் போடுன்னு லிஸ்ட்டோட வருவாங்க. இதுல பெரிய கட்டடத்துக்கு கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட் இல்லாம ஈபி கனெக்‌ஷன் கிடையாது. வாடகைக்கு மேல 18% ஜிஎஸ்டின்னா கடக்காரரு நம்மளத் திருடன் மாதிரி பாக்காரு 😄 வருஷம் 20 லட்சம் தாண்டுனா போட்டுத்தானய்யா ஆகணும். பார்க்கிங்குக்கு விட்ட இடத்துல இப்ப ஒரு பானிபூரி வண்டி நிக்குது, கேட்டா "அண்ணாச்சி, ஒங்க காம்ப்ளெக்ஸுக்கு கூட்டம் சேக்குறதே நாந்தான்"ங்கான். அதுவும் நெசந்தான், சாயங்காலம் வந்து பாருங்க.