ஒரு மேசை, இரண்டு தட்டு: வியட்நாம் நாட்குறிப்பு

2024 மார்ச் 19, செவ்வாய், சைகோன்

திருச்சியில் ஏறிய நேரடி விமானம் இன்று காலை எங்களை ஹோ சி மின் நகரில் இறக்கிவிட்டது. பெயர் மாறிப் பல ஆண்டுகள் ஆகியும் ஊர் மக்கள் இன்னும் சைகோன் என்றே சொல்கிறார்கள். இந்தப் பங்குனியோடு எங்களுக்குத் திருமணமாகிப் பத்து ஆண்டுகள் நிறைகின்றன. சாப்பாட்டுக்காகவே ஒரு பயணம் போகலாம் என்று சொன்னவர் என் கணவர். அவர் பிறந்ததிலிருந்து சைவம், முட்டையையும் தொடாதவர். நான் நாகப்பட்டினத்தில், கருவாடு காயும் தெருவில் வளர்ந்தவள். புகுந்த வீட்டில் மீன் சமைப்பதில்லை என்பதால், இத்தனை ஆண்டுகளும் அம்மா வீட்டுக்குப் போகும் நாள்களில் மட்டுமே மீன் சாப்பிட்டு வந்திருக்கிறேன். அதற்காக யாரும் என்னைக் கடிந்ததில்லை, நானும் முறையிட்டதில்லை. ஆனாலும் அவர் எதிரில் உட்கார்ந்து ஒரு துண்டு மீனை நான் சாப்பிட்டதே இல்லை.

தம்பதியர் ஒரே தட்டில் பகிர்ந்து உண்பதுதான் உணவுப் பயணத்தின் இனிமை என்று பலரும் எழுதுகிறார்கள். எங்களைப் போல ஆளுக்கொரு தட்டு தேவைப்படும் வீடுகள் நம்மிடையே நிறைய உண்டு. அவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதைத் தேதி வாரியாக எழுதுகிறேன்.

முதல் காப்பி எங்கள் இருவரையும் ஊருக்கே அழைத்துப் போனது. 'ஃபின்' என்ற சிறிய உலோக வடிகட்டியைக் கண்ணாடித் தம்ளரின் மேல் வைத்து, வெந்நீர் ஊற்றி, சொட்டுச் சொட்டாக இறங்கும் வரை காத்திருக்க வேண்டும். அடியில் டின் பால் இருக்கிறது. உலகில் பிரேசிலுக்கு அடுத்தபடியாக அதிகக் காப்பி விளைவது வியட்நாமில்தான்; அதிலும் பெரும்பகுதி ரொபஸ்டா என்பதால் கசப்பு சற்றுத் தூக்கலாக இருக்கிறது. டிகாக்‌ஷன் இறங்குவதற்காகக் காத்திருந்து பழகிய எங்களுக்கு அந்தப் பத்து நிமிடம் ஒரு சுமையாகவே தெரியவில்லை.

மாலையில் துரூங் தின் தெருவில் உள்ள மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். தமிழர்கள் கட்டிய கோயில் என்றாலும் கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் வியட்நாமியர்கள். கருங்கல் சுவரில் நெற்றியைப் பதித்து அவர்கள் வேண்டிக்கொள்ளும் விதத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மார்ச் 22, வெள்ளி, ஹோய் ஆன்

தா நாங் வரை விமானம், அங்கிருந்து முக்கால் மணி நேரம் கார். 1999இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற இந்தப் பழைய துறைமுக ஊரில் மஞ்சள் சுவர்களுக்கு நடுவே நடப்பதே ஒரு சுகம். ஜப்பானியப் பாலத்தில் அப்போது புதுப்பிக்கும் பணி நடந்துகொண்டிருந்ததால் அதைச் சரியாகப் பார்க்க முடியவில்லை.

நேற்று இரவு ஒரு சிறு சங்கடம் நேர்ந்தது. ஓர் உணவகத்தில் இறைச்சி வேண்டாம் என்று சொல்லி, தக்காளியில் வதக்கிய டோஃபு என்ற சோயாக் கட்டியை அவருக்கு வாங்கினோம். முதல் வாயிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அது நான் பிறந்த ஊரின் வாசம். 'நுவொக் மாம்' என்ற மீன்சாறு நெத்திலியையும் உப்பையும் தொட்டிகளில் அடுக்கி, ஏறத்தாழ ஓராண்டு நொதிக்கவிட்டு வடிப்பது. நாம் உப்புப் போடுவது போல இங்கே அதை எல்லாவற்றிலும் ஊற்றுகிறார்கள். சமைத்தவருக்கு அது இறைச்சிக் கணக்கில் வராது. என் கணவர் எதுவும் சொல்லாமல் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு வெறும் சோற்றைச் சாப்பிட்டார். எனக்குத் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை.

ஆகவே சைவர்கள் இங்கே முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய சொல் 'சாய்'. நம் தேநீரை நினைத்துக் குழம்ப வேண்டாம். பௌத்த மரபில் வந்த புலால் இல்லாத உணவுக்கு இங்குள்ள பெயர் அது. இறைச்சி வேண்டாம் என்று விளக்கிக்கொண்டிருப்பதைவிட 'தோய் அன் சாய்', அதாவது நான் சைவம் உண்பவர் என்று சொல்லிவிட்டால் மீன்சாறும் சேர்த்து விலக்கப்படுகிறது. பலகையில் 'கொம் சாய்' என்று எழுதியிருக்கும் கடைகளில் அந்தக் கவலையும் இல்லை.

இன்று காலை வாடகை மிதிவண்டிகளில் திரா குவே என்ற கீரை ஊருக்குப் போனோம். ஆற்றுப் பாசியை உரமாக இட்டு, பூவாளி கொண்டு நீர் தெளித்து வளர்க்கும் பாத்திகளில் துளசியும் புதினாவும் மல்லியும் கலந்து மணக்கின்றன. இந்தக் கீரைகள்தான் காவ் லாவ் என்ற ஹோய் ஆன் நூடுல்ஸுக்கு உயிர். தடித்த, பழுப்பேறிய அந்த மாவிழைகளுக்குப் பா லே கிணற்றுத் தண்ணீரும் சாம் தீவுகளின் விறகுச் சாம்பல் நீரும்தான் சேர வேண்டும் என்பது ஊர் வழக்கு. எனக்குப் பன்றி இறைச்சி போட்டது, அவருக்கு டோஃபுவும் காளானும் போட்ட 'சாய்' வகை. ஒரே இழை, ஒரே கீரை, ஒரே மொறுமொறுப்பு. மேலே இட்டது மட்டும் வேறு. தயங்கிக்கொண்டிருந்த என் கிண்ணத்தில் எலுமிச்சையைப் பிழிந்துவிட்டு, "நீ சாப்பிடு, ஆறிப்போகும்" என்றார்.

மார்ச் 23, சனி, ஹோய் ஆன்

சந்திர மாதத்தின் பதினான்காம் நாள். ஒவ்வொரு மாதமும் இந்த இரவில் பழைய ஊரின் மின்விளக்குகளைக் குறைத்து, பட்டு விளக்குகளின் ஒளியில் ஊர் நடமாடுகிறது. படகில் ஏறி, காகித அகல்களை ஆற்றில் விட்டோம். கூட்டம் மிக அதிகம். அமைதியை விரும்பும் தம்பதியர் வேறு நாளில் வருவதே நல்லது என்பது என் எண்ணம்.

மார்ச் 24, ஞாயிறு, ஹுவே

தா நாங்கிலிருந்து ரயிலில் வந்தோம். வடக்கு நோக்கி வருகிறவர்கள் வலப்பக்க இருக்கையைக் கேட்டு வாங்க வேண்டும். ஹாய் வான் மலையைச் சுற்றி ஏறும்போது கடல் முழுவதும் அந்தப் பக்கம்தான் விரிகிறது. நூறு கிலோமீட்டர் தூரம்தான், ஆனால் வளைவுகள் மிகுந்த பாதை என்பதால் மெதுவாகப் போகிறது. சைகோனில் வாங்கி வைத்திருந்த வேர்க்கடலை உருண்டையை இருவரும் அங்கேதான் தீர்த்தோம்.

இன்று பதினைந்தாம் நாள், முழுநிலவு. ஊரில் பங்குனி உத்திரத்துக்குக் கூட்டம் கூடும் நேரம். இங்கும் சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் அன்றாடம் இறைச்சி உண்பவர்கள்கூடச் சைவத்துக்கு மாறுகிறார்கள். நாம் அமாவாசை, வெள்ளிக்கிழமை பார்ப்பது போலத்தான். ஹுவே பௌத்த விகாரைகள் நிறைந்த ஊர் ஆதலால் 'கொம் சாய்' கடையில் இடம் கிடைக்கவே காத்திருக்க வேண்டியிருந்தது. பலாக்காய்ப் பிஞ்சை வேகவைத்து எள்ளும் கீரையும் சேர்த்துப் பிசறிய ஒன்றை அவர் மூன்று முறை கேட்டு வாங்கினார். பத்து ஆண்டுகளாக வெளியூர்களில் தயிர்சாதம் தேடி அலைந்த மனிதர், ஒரு பலகையின் எல்லாப் பண்டங்களையும் சுட்டி "இது என்ன, அது என்ன" என்று கேட்டதை இன்றுதான் பார்த்தேன். இன்று நானும் முழுச் சைவம்.

மார்ச் 26, செவ்வாய், ஹுவே

1802 முதல் 1945 வரை நுயென் வம்சத்தின் தலைநகராக இருந்த ஊர் இது. அதனால்தானோ என்னவோ, இங்கே உணவைச் சிறிது சிறிதாக, அழகாக வைக்கிறார்கள். பான் பேவ் என்பது சாம்பார்க் கிண்ணத்தினும் சிறிய பீங்கான்களில் ஆவியில் வேகவைத்த அரிசி மாவு. என்னுடையதில் உலர்ந்த இறால் பொடி, அவருடையதில் பாசிப்பருப்பு. வாழையிலையில் மடித்த பான் நாம், மரவள்ளி மாவில் செய்த பான் லொக் ஆகியவற்றை அவிழ்த்தபோது அவர், "இது நம் பூரணக் கொழுக்கட்டையின் தங்கை" என்றார். காலியான கிண்ணங்களை அடுக்கி இருவரும் எண்ணினோம்: முப்பத்தொன்று.

உப்புக் காப்பி பிறந்ததும் இந்த ஊரில்தான், 2010இல். நுரைத்த பாலில் ஒரு சிட்டிகை உப்பு; கசப்பு தணிந்து இனிப்பு மேலெழுகிறது. இதில் மட்டும் ஒரே தம்ளர் போதுமானதாக இருந்தது.

மார்ச் 28, வியாழன், ஹனோய்

இரவு முழுவதும் ரயில். ஹனோயின் முட்டைக் காப்பி 1946இல் பால் தட்டுப்பாட்டுக்கு மாற்றாகப் பிறந்தது. மஞ்சள் கருவை நுரைத்து மேலே இடுகிறார்கள். அவருக்குத் தேங்காய்ப் பால் காப்பி கிடைத்தது.

இரவு உணவுக்குச் சா கா. ஒரு தெருவுக்கே பெயர் தந்த உணவு. மஞ்சள் பூசிய மீன் துண்டுகளை மேசையிலேயே அடுப்பு வைத்து, எண்ணெய் பொரியும் வாணலியில் கைப்பிடி கைப்பிடியாகச் சதகுப்பைக் கீரையும் வெங்காயத் தாளும் போட்டுப் புரட்டுகிறார்கள். அரிசிச் சேமியாவும் வேர்க்கடலையும் சேர்த்து உண்ண வேண்டும். மஞ்சள் தடவிய மீன் எண்ணெயில் விழுந்த வாசத்தில் எனக்கு அம்மாவின் அடுப்படி நினைவுக்கு வந்துவிட்டது. அவருக்குச் சேமியாவும் கீரையும் வறுத்த டோஃபுவும் தனியே வந்தன. இறால் விழுதை முன்கூட்டியே விலக்கச் சொல்லியிருந்தோம்.

பரிமாறிய பெண் வேறு மேசைக்கு நகர்ந்தபோது வாணலியில் கீரை கருகத் தொடங்கியது. நான் குச்சிகளை எடுப்பதற்குள் அவர் கரண்டியை எடுத்துப் புரட்டினார். பிறகு, முள் இருக்கிறதா என்று குனிந்து பார்த்து, ஒரு துண்டு மீனைக் கீரையோடு அள்ளி என் கிண்ணத்தில் வைத்தார். கை சற்றே நடுங்கியது. "வெந்திருக்கிறதா?" என்று கேட்டார். வெந்திருந்தது.